செல்லோ வாத்தியார் சுவக்கீனின் முதல் கிரேடு

குமுளி கீழ்ச்சந்தை சுமைத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் முப்பத்தொன்றாவது பெயர் சுவக்கீன். தொழில் என்ற கட்டத்தில் முதலில் ‘செல்லோ’ என்று எழுதி அடித்திருக்கிறார்கள். பிறகு ‘சுமை’ என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார்கள். கடைசியில் ‘இரண்டும்’ என்று இருக்கிறது. அவருடைய நாற்பத்துமூன்று வருட வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

செல்லோ என்பது வயலின் குடும்பத்தில் பெரிய உருப்படி. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். பெட்டியோடு நிறுத்தினால் நெஞ்சளவு வரும். சுவக்கீனின் பெட்டி வெள்ளை நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு அவர் முதுகில் தொற்றியிருப்பதுபோல் தெரியும்.

அவர் பிறந்தது வண்டிப்பெரியாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடு ஒன்றில். அப்பாவுக்கு ஃபாக்டரியில் இலை வாட்டும் வேலை. பதினான்கு வயதில் பையனைச் சாமியாராக்க இளங்குருமடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஜெர்மானியப் பாதிரியார் பன்னிரண்டு மாணவர்களை வைத்துத் தந்திவாத்தியக் குழு நடத்திக்கொண்டிருந்தார். வரிசையில் நிற்கவைத்துக் கைகளை அளந்தார். யாருக்குக் கை நீளமோ அவனுக்குச் செல்லோ. வில்லை எப்படிப் பிடிப்பது என்று கேட்டபோது, தூபக்கலசத்தின் சங்கிலியைப் பிடிப்பதுபோலப் பிடி என்றார். சுவக்கீன் இன்றைக்கும் அப்படித்தான் பிடிக்கிறார்.

ஏழு வருடம் கழித்துக் குருமடத்து அதிபர் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘உங்கள் மகனுக்கு இறையழைத்தல் இருப்பதாகத் தெரியவில்லை. தாளம் இருக்கிறது’ என்று அதில் இருந்தது. வாசிக்க வேறு ஆள் இல்லாததால் செல்லோவையும் கூடவே அனுப்பிவைத்தார்கள். சான்றிதழ் எதுவும் தரவில்லை. பாதியில் போகிறவனுக்கு என்ன சான்றிதழ்?

அடுத்த ஒன்பது வருடம் சென்னையில் சினிமாப் பின்னணி இசை. கடைசி வரிசையில் உட்கார்ந்து நீளமாக ஒரே ஒரு ஸ்வரம் இழுக்க வேண்டும். பெரும்பாலும் கதாநாயகியின் அப்பா சாகும் இடத்தில். அவருடைய கணக்குப்படி நாற்பத்திரண்டு அப்பாக்களை அனுப்பிவைத்திருக்கிறார். பிறகு அந்த ஒற்றை ஸ்வரத்தைக் கம்ப்யூட்டரே இழுக்கத் தொடங்கியது. 2012இல் மலைக்குத் திரும்பினார். ஞானஜோதியைக் கட்டிக்கொண்டார். ஞானஜோதி ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் தரம் பிரிக்கும் பெண்களுக்குத் தலைமை. ஏழு மில்லிமீட்டர் காயையும் எட்டு மில்லிமீட்டர் காயையும் வெறுங்கண்ணால் பிரித்துவிடுவார். கணவரையும் முதல் வாரத்திலேயே தரம் பிரித்துவிட்டார். “நல்ல காய்தான். சல்லடையிலதான் எங்கயும் நிக்க மாட்டேங்குது” என்பது அவர் கருத்து.

மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் வேலை கிடைத்தது. கற்றுக்கொடுக்க ஒரு இடமும் கிடைத்தது. கீழ்ச்சந்தையில் வாசனைப்பொருள் கடை வைத்திருக்கும் அப்துல் ஷுக்கூர், தன் கடையின் மாடி அறையைக் கொடுத்தார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மனைவி ரஸியா கல்லாவில் உட்கார்ந்தபடியே மேலே கேட்கும் சத்தத்தை ஒரு மாதம் கவனித்தார். பிறகு படியேறி வந்தார்.

“ஏனுங்க மாஸ்டர், இத நானும் வாசிக்கலாமுங்களா?”

“வாசிக்கலாம்மா. ஆனா பழக நாளாகும்.”

“பட்டை காயறதுக்கும்தான் நாளாகுது. கடைய மூடிட்டா போயிட்டோம்?”

இப்படித்தான் சேர்ந்தார்கள். ரஸியாவுக்குப் பின்னால் ஒரு நர்ஸ், இரண்டு ஜீப் டிரைவர்கள், தபால்காரர் அப்புசாமி, சுமைத் தொழிலாளி ஜோமோன். ஒன்பது பேர் ஆனார்கள். எல்லோரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். நான்கு பேருக்குச் செல்லோ, மற்றவர்களுக்கு வயலின். செல்லோ மட்டும் ஊரிலேயே ஒன்றுதான். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு சுவக்கீன் முன்னால் நிற்பார். அன்று மட்டும் அவர் இசை நடத்துநர்.

2017இல் ஒரு காலையில் ஜீப்பிலிருந்து செல்லோவை இறக்கும்போது ஒரு கை அவர் தோளில் விழுந்தது. சங்கத்தின் கன்வீனர் இன்னாசிராஜ். நீலச்சட்டை, தலையில் துண்டு.

“மாஸ்டரே, கீழ வைங்க அத.”

“ஏன், என்ன ஆச்சு?”

“கீழ்ச்சந்தைக்குள்ள வண்டியிலருந்து எறங்குற சுமட நாங்கதான் எறக்கணும். அஞ்சு வருசமா நீங்க எறக்குறீக. நாங்களும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தோம்.”

“இது சுமடு இல்ல இன்னாசி. வாத்தியம்.”

“வாத்தியம்னாலும் எறங்குதுல்ல?”

கூலி கொடுத்துவிடுகிறேன் என்று சுவக்கீன் சொன்னதும் இன்னாசிராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. “கூலி யாரு கேட்டா? இது உரிமைப் பிரச்சினை.”

அந்த வாரமே கமிட்டி கூடியது. கைச்சாமான் என்றால் விதிவிலக்கு உண்டு. எது கைச்சாமான்? ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையில் குடை பிடித்து நடக்க முடிந்தால் அது கைச்சாமான் என்று முடிவு செய்தார்கள். ஜூன் மாதம். தேர்வு மழையில் நடந்தது. ஜோமோனின் வயலின் சுலபமாகத் தேறியது. சுவக்கீன் செல்லோவைக் கட்டிப்பிடித்துக் குடையை விரித்தார். எட்டாவது அடியில் குடை மடங்கியது. பன்னிரண்டாவது அடியில் குடை தனியாகப் போனது. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்கள்: ‘வயலின் கைச்சாமான். செல்லோ சுமடு. கிட்டார் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.’

மறுநாள் ஒரு தொழிலாளி அன்போடு செல்லோவைத் தலையில் படுக்கவைத்து மாடிக்குக் கொண்டுபோனார். சாக்கை இறக்குவதுபோலவே இறக்கினார். உள்ளே தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டை சாய்ந்து, தந்தி நான்கும் தொளதொளத்தன. அன்று பாடம் நடக்கவில்லை. சுவக்கீன் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததை இன்னாசிராஜ் படியில் நின்று பார்த்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உரிமையை எப்படி விடுவது? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சுவக்கீனைச் சங்கத்தில் சேர்த்துவிட்டால் செல்லோவை அவரே தூக்கலாம். யாருடைய உரிமையும் போகாது.

அப்படித்தான் அவர் முப்பத்தொன்றாம் எண் ஆனார். நீலச்சட்டை தைத்துக்கொடுத்தார்கள். உறுப்பினர் என்றால் சுமை தூக்கியாக வேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமை காலைகளில் முறை போட்டார்கள். விரல் கெடக்கூடாதென்று காலிச் சாக்குகளும் அட்டைப்பெட்டிகளும் மட்டும். சட்டையோடு வீட்டுக்கு வந்தவரை ஞானஜோதி மேலும் கீழும் பார்த்தார்.

“சாமியாராப் போனீக, வரல. சினிமாக்குப் போனீக, வரல. இப்ப சுமடு. இதாவது நெலைக்குமா?”

“இது சங்கம் ஞானம். வெளிய அனுப்ப மாட்டாக.”

நிலைத்தது. ஏழு வருடம் ஒரு சச்சரவும் இல்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது.

கோயம்புத்தூரில் மேற்கத்திய இசைக்கு ஒரு தேர்வு வாரியம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பரீட்சகர் ஒருவர் குமுளிக்கு வந்து மாணவர்களைச் சோதித்துக் கிரேடு கொடுப்பார். ஒரு மையத்தில் ஒரே நாளில் குறைந்தது ஒன்பது பேர் வாசித்தாக வேண்டும். இரண்டு வருடமாகச் சுவக்கீனால் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க முடியவில்லை. ஒருமுறை ஒரு டிரைவருக்குக் காய்ச்சல், மறுமுறை நர்ஸுக்குப் பிரசவம். மூன்றாவது முறையும் குறைந்தால் மையம் நிரந்தரமாக மூடப்படும் என்று கடிதம் வந்தது. மூடினால் அடுத்த மையம் கொச்சியில். கடையையும் ஜீப்பையும் தபாலையும் விட்டுவிட்டு யார் போவார்கள்? பன்னிரண்டு வருடத்தில் அவர் உருவாக்கிய ஒன்பது பேரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். சுவக்கீனுக்கு அது நன்றாகத் தெரியும்.

இந்தப் பிப்ரவரியில் ஒன்பது பேரும் தயார். பரீட்சகர் பூபதிராஜா கம்பத்திலிருந்து காலை பத்து மணிக்கு வந்து, நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். தேர்வுக்கூடம் மேலே கோயில் ஹால். கீழ்ச்சந்தையிலிருந்து அரைக் கிலோமீட்டர் ஏற்றம்.

அப்துல் ஷுக்கூருக்கு மனைவியின் பரீட்சை என்றால் தன் பரீட்சை மாதிரி. மாடியிலிருந்து செல்லோவை அலுங்காமல் இறக்க வேண்டுமென்று யாரிடமும் சொல்லாமல் ஒரு தள்ளுவண்டி வாங்கிவந்தார். மூன்று மூன்று சக்கரமாகப் படியிறங்கும் வகை. அன்று காலை எட்டே முக்காலுக்கு, முந்தின நாள் பயிற்சிக்குப் பிறகு மாடியிலேயே விட்டிருந்த செல்லோவை அதில் கட்டி, தானே படிகளில் இறக்கி, சந்தையின் நடுவில் எடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். இன்னாசிராஜ் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இது என்ன பாய்?”

“டிராலிங்க. படியிலயே எறங்குது பாருங்க. ஆளே வேண்டாமுங்க.”

கடைசி மூன்று வார்த்தைகளை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒன்பது மணிக்குக் கீழ்ச்சந்தையில் மின்னல் பணிமுடக்கு, அதாவது முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தம், அறிவிக்கப்பட்டது. மனிதனை ஒழிக்கும் இயந்திரத்துக்கு எதிராக. ஒன்பதேகாலுக்கு அறிவிப்பின் நகலோடு கட்டப்பனை லேபர் ஆபீசுக்குச் செயலாளரை பஸ் ஏற்றினார்கள். செயலாளர் வேறு யாருமில்லை. அன்று இரண்டாம் கிரேடு வயலின் வாசிக்க வேண்டிய ஜோமோன்தான்.

சுவக்கீன் வந்து சேர்ந்தபோது சந்தையில் ஒரு சாக்குக்கூட அசையவில்லை. நடுவில் வெள்ளைப் பெட்டி வண்டியில் கட்டியபடி நின்றுகொண்டிருந்தது.

“இன்னாசி, நான் இத எடுத்துக்கிட்டுப் போறேன். இன்னிக்குப் பரீட்சை.”

“நீங்க உறுப்பினர் மாஸ்டரே. பணிமுடக்குல உறுப்பினர் சுமடு தொடக்கூடாது.”

“நான் தூக்கறேனுங்க,” என்றார் ரஸியா.

“உறுப்பினர் இல்லாதவங்க தூக்குனா அது கருங்காலி வேலை. பிரச்சினை பெருசாயிரும்.”

“அப்ப யாருதாங்க தூக்கறது?”

“யாரும் தூக்கக்கூடாது. அதுக்குப் பேருதான் பணிமுடக்கு.”

பத்தேகாலுக்குப் பூபதிராஜா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது, பளபளக்கும் ஷூ, கையில் தோல் பை. ஹாலில் யாரும் இல்லையென்று தேடிக்கொண்டு வந்திருந்தார். நிலைமையைக் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதே நேரம் ஸ்டோரிலிருந்து ஞானஜோதியும் வந்து சேர்ந்தார்.

“இன்னாசியண்ணே, தூக்கத்தான கூடாது? வாசிக்கலாமில்ல?”

இன்னாசிராஜ் யோசித்தார். மற்றவர்களைப் பார்த்தார். “வாசிக்கிறதுக்குச் சங்கத்துல தடை இல்ல.”

“பெட்டியிலருந்து எடுக்கணுமே?” என்றார் சுவக்கீன்.

எடைமேடையில் உட்கார்ந்தபடியே அவசரக் கமிட்டி கூடியது. இருபது நிமிட வாதத்துக்குப் பிறகு இன்னாசிராஜ் எழுந்து தீர்ப்புச் சொன்னார்.

“பெட்டி சுமடு. உள்ள இருக்கறது சரக்கு. சரக்கை எடுத்துக் காட்டுறது கடைக்காரங்க வேலை. ரஸியாக்கா எடுத்துக் காட்டலாம். ஆனா நாலடிக்கு மேல நகத்தினா அதுவும் சுமடு.”

“சரக்குக் காட்றேனுங்க,” என்று சொல்லி ரஸியா பெட்டியைத் திறந்தார்.

இப்போது பூபதிராஜாவின் முறை. “ரூல் புக்கில் நாலு சுவர், ஒரு மேசை, அமைதி, மூணும் இருக்கணும்னு போட்டிருக்கு. இங்க ஒண்ணுமில்லையே.”

“அமைதி இருக்கு சார்,” என்றார் இன்னாசிராஜ். உண்மைதான். முப்பது வருடத்தில் முதன்முறையாகக் கீழ்ச்சந்தையில் காக்கைச் சத்தம் கேட்டது. எடைமேடை மேசையானது. சுவர்தான் பாக்கி. சாக்கை அடுக்கலாம் என்றால் தூக்க முடியாது. இன்னாசிராஜ் கைதட்டினார். இருபத்தெட்டு நீலச்சட்டைகள் எழுந்துவந்து பக்கத்துக்கு ஏழு பேராக முதுகைக் காட்டி நான்கு வரிசையாக நின்றார்கள்.

பூபதிராஜா ஒரு தோளைத் தொட்டுப்பார்த்தார். அசையவில்லை. படிவத்தில் ‘சுவர்: உண்டு’ என்று குறித்துக்கொண்டார்.

செல்லோக்காரர்கள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அதே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார்கள். ரஸியா ஐந்தாம் கிரேடு. நடுவில் சுவரில் ஒருவர் தும்மினார். ரஸியா நிறுத்தவில்லை. அப்துல் ஷுக்கூர் உள்ளே வர முடியாமல், சுவரின் இரண்டு தோள்களுக்கு நடுவில் முகத்தை மட்டும் நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் அப்புசாமி வயலினில் தொடக்கத்தையே மறந்துபோய் முடிவிலிருந்து தொடங்கினார். இரண்டரை மணிக்கு எட்டுப் பேரும் முடித்தார்கள். பூபதிராஜா தாள்களை எண்ணினார்.

“ஒன்பதாவது யாருங்க?”

ஜோமோன் கட்டப்பனையில் லேபர் ஆபீசர் சாப்பிட்டு வருவதற்காகக் காத்திருந்தார். ஃபோனில் கேட்டதற்கு, திரும்பி வர ஐந்தாகும் என்றார்.

“என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க,” என்றார் பூபதிராஜா. மோசமான மனிதரில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். “எட்டுன்னா எட்டுதான். இவங்க மார்க்கும் செல்லாது.”

சுவக்கீன் எடைமேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ரஸியா வில்லைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார். நர்ஸ் அழத் தொடங்கினார். சுவரும் திரும்பிப் பார்த்தது.

ஞானஜோதிதான் கேட்டார். “சார், உடனே பேர் குடுத்தா சேத்துக்கிடுவீகளா?”

“மூணு மணி வரைக்கும் சேத்துக்கலாம். என்கிட்ட ஒரு ஃபாரம் இருக்கு. முதல் கிரேடு மட்டுந்தான்.”

“அப்ப இவுக பேர எழுதுங்க.” கணவரைக் காட்டினார்.

“ஞானம், நான் வாத்தியாரு.”

“எந்த கிரேடு பாஸ் பண்ணியிருக்கீக?”

குருமடத்தில் சான்றிதழ் கொடுக்கவில்லை. சென்னையில் யாரும் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு அப்பாக்களுக்காக வாசித்தவரிடம் காகிதமாக ஒன்றுமில்லை.

“எழுதலாங்க,” என்று பூபதிராஜா ரூல் புக்கைப் புரட்டினார். “ஆனா ஒரு சிக்கல். முன்னாடியே பேர் குடுத்தவங்களுக்கு மையத் தலைவர் கையெழுத்து போதும், உடனே சேர்றவங்களுக்கு ஆசிரியர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். தனக்குத்தானே போட முடியாது. ஆசிரியர் குறைஞ்சது அஞ்சாம் கிரேடு முடிச்சிருக்கணும்.”

“அஞ்சாம் கிரேடு யாருக்கும் இல்லையே,” என்றார் சுவக்கீன்.

பூபதிராஜா ரஸியாவின் தாளை எடுத்து இன்னொருமுறை பார்த்தார். “இவங்க முடிச்சிட்டாங்க. ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.”

“ஒம்பது பேரு ஆனாத்தான இந்த மார்க்கு செல்லும்?” என்றார் இன்னாசிராஜ். அவருக்கு இந்த மாதிரி விஷயங்கள் நன்றாகப் புரியும்.

“ஆமாங்க.”

“இந்த மார்க்கு செல்லுனாத்தான ஒம்பது பேரு ஆகும்?”

“ஆமாங்க.”

“அப்ப ரெண்டையும் ஒரே நேரத்துல எழுதுங்க சார். நாங்க லாரியில அப்படித்தான் ஏத்துவோம். ரெண்டு பக்கமும் சேந்து தூக்கலேன்னா எந்தச் சுமடும் எந்திரிக்காது.”

பூபதிராஜா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியையும் நேரத்தையும் ஒன்றாகவே போட்டார். ரஸியா ஆசிரியர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். “மன்னிச்சிருங்க மாஸ்டர்” என்று மெதுவாகச் சொன்னார்.

முதல் கிரேடு என்றால் ஒரு ஸ்கேல், எட்டு வரியில் ஒரு சிறுபாட்டு. பிள்ளைகள் வாசிப்பது. சுவக்கீன் அதை நூறு முறை கற்றுக்கொடுத்திருக்கிறார், ஒருமுறைகூடப் பரீட்சைக்கு வாசித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் காது சிவந்தது. ஸ்கேலில் மூன்றாவது ஸ்வரம் சுருதி இறங்கி விழுந்தது. பாட்டின் கடைசி ஸ்வரத்தைச் சென்னைப் பழக்கத்தில் தேவைக்கு மேல் நீளமாக இழுத்துவிட்டார். பூபதிராஜா நிமிர்ந்து பார்த்தார். இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு தொழிலாளி துண்டை எடுத்துத் தலை குனிந்தார்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒன்பதாவது தாள் உறைக்குள் போனது. பூபதிராஜா நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார். ஐந்து மணிக்குப் பணிமுடக்கு முடிந்தது. அப்துல் ஷுக்கூர் வண்டியைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். இப்போது சங்க அலுவலகத்தில் அதன்மேல் செய்தித்தாள் அடுக்கியிருக்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து முடிவுகளை அப்புசாமியே கொண்டுவந்தார். மையம் தொடர அனுமதி. எட்டுப் பேர் தேர்ச்சி, அதில் ரஸியாவுக்குச் சிறப்புத் தேர்ச்சி. ஒன்பதாவது ஆளும் தேர்ச்சி, எல்லைக்கோட்டுக்கு ஒரு மார்க் மேலே. கீழே பரீட்சகர் குறிப்பு: ‘ஆர்வம் உண்டு. வில் பிடிப்பைத் தொடக்கத்திலிருந்தே திருத்த வேண்டும். நல்ல ஆசிரியரிடம் கற்பது தெரிகிறது.’

கூடவே வாரியத்தின் இன்னொரு கடிதமும் இருந்தது. பதிவேட்டின்படி மையத்தில் தகுதிபெற்ற ஆசிரியர் ஒருவரே இருப்பதால், இனி மையத் தலைவர் திருமதி ரஸியா ஷுக்கூர். சுவக்கீன் அவருடைய மாணவராகத் தொடரலாம். அடுத்த பிப்ரவரியில் இரண்டாம் கிரேடுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஞானஜோதி கடிதத்தை இரண்டு முறை படித்தார். “சல்லடையில நின்னுட்டீக,” என்றார். “அடித்தட்டுலதான். ஆனா நின்னுட்டீக.”

ஒன்பது பேரும் இன்றைக்கும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவக்கீன்தான் குச்சி எடுத்து நடத்துகிறார். பாடம் அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். எல்லோரும் போன பிறகு ஒரு கால்மணி நேரம் மட்டும் ஏற்பாடு மாறும். ரஸியா கல்லாவைப் பூட்டிவிட்டு மேலே வந்து எதிரில் உட்காருவார். சுவக்கீன் வில்லை எடுப்பார். முப்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் சங்கிலியைப் பிடிப்பதுபோலவே போய் உட்காரும்.

“அப்படியில்லீங்க மாஸ்டர்,” என்பார் ரஸியா. “கட்டைவிரலக் கொஞ்சம் மடக்குங்க. மறுபடி.”